கீறல் விழாத கிட்டார்

வெர்லின் டாட்லாக் ஒரு காலத்தில் டெக்சாஸின் நடனக் கூடங்களில் பாடித் திரிந்தவர். இப்போது குடியை விட்டுவிட்டு மாட்டுத்தீவனக் கடைக்கு வண்டி ஓட்டுகிறார். ஊருக்கு அவர் பாட்டைவிட அவர் குடிதான் நன்றாக நினைவிருக்கிறது.

அவர் பாடிய பழைய கூடத்திலேயே சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். குடித்துச் சீரழிந்து, பிறகு திருந்தும் ஒரு கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகனின் கதை. போதையில் மேடையிலிருந்து விழச் சொன்னால், கதாநாயகன் கட்டிலில் சாய்வதுபோல விழுந்தான். இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நம்ம வெர்லினைக் கூப்பிடுங்க. அதுல அவரு டாக்டர் பட்டமே வாங்கினவரு!" என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது.

படப்பிடிப்புக்குச் சாப்பாடு போடுபவள் அவர் மகள் ரோண்டா. வருடக்கணக்கில் முகம் கொடுக்காதவள், அன்று காலைதான், வேடிக்கை பார்க்க வந்தவரிடம் இறைச்சித் தட்டை நீட்டி, "சாப்பிடுங்க" என்றிருந்தாள். அந்த ஒரு சொல்லைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதே என்று அவருக்குப் பயம்தான். ஆனால் கைதட்டல் என்றால் கிழவருக்கு இன்னும் நாக்கில் எச்சில் ஊறும். கதாநாயகனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, அவன் கிட்டாரையும் வாங்கிக்கொண்டு மேடையேறினார்.

உடம்பு எதையும் மறக்கவில்லை. முழங்கால் மடங்கித் தோள் தரையில் மோதியபோதும், கிட்டார் மட்டும் கைகளில் உயரே பத்திரமாக நின்றது.

"போதையிலயும் கிட்டாரைக் காப்பாத்துறாரு பாருங்க!" இயக்குநர் துள்ளினார்.

வெர்லின் மகளைத் தேடினார். அவள் கை தோளோரக் காறையெலும்பைத் தடவிக்கொண்டிருந்தது.

பெரியவர்கள் ஆடும்போது பிள்ளைகளை மேடையோரம் விரிப்பில் தூங்கப் போடுவது அங்கே வழக்கம். அப்படித் தூங்கிய ஆறு வயது ரோண்டாவின் மேல் அவர் போதையில் விழுந்ததும் இப்படித்தான். அவள் காறையெலும்பு முறிந்தது. கிட்டாரில் ஒரு கீறல் இல்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தார், பாவி.

வெட்கம் பிடுங்கித் தின்றது. "இன்னொரு தடவை விழறேன்," என்றார்.

இம்முறை கிட்டாரைக் கைவிட்டார். அது தரையில் நொறுங்கியது. அன்று விரிப்பு கிடந்த இடத்தில் படாமல், கைகளை ஊன்றிப் புரண்டு விழுந்தார்.

"கெடுத்துட்டீங்களே பெரியவரே!" என்றார் இயக்குநர். " முதல்ல விழுந்ததுதான் நிஜமா இருந்துச்சு. அதையே வச்சுக்கிறோம்."

"ஆமா. அதுதான் நிஜம்," என்றார் வெர்லின், தலை நிமிராமல்.

ரோண்டா வந்து நின்றாள். "அன்னிக்கே இப்படி விழுந்திருக்கலாமேப்பா."

அவள் குனிந்து, பிடித்து எழும்படி தோளைக் கொடுத்தாள். முறிந்த பக்கத்துத் தோள். அதில் பாரம் போட மனம் வராமல், வெர்லின் தரையில் கை ஊன்றித் தானே எழுந்தார்.