கம்பளியில் பதிந்த ஏழு கோடுகள்

குன்னூரில் என் அலுவலக நாற்காலியின் முதுகில் ஒரு பழைய கம்பளி கிடக்கிறது. தோட்டத்து வேலையாட்களுக்குக் கொடுக்கும் சாம்பல் நிறக் கம்பளிதான். அதன் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு ஏழு கோடுகள், பழுப்பாக, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல வரிசையாகப் பதிந்திருக்கின்றன. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இதைத் துடைக்கிற துணி என்று நினைத்துக் கையை நீட்டுவார்கள். தொட்டால் கையை உடைத்துவிடுவேன் என்று முதல் நாளே சொல்லி வைத்துவிடுவது என் வழக்கம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம்.

அந்தக் கம்பளிக்குச் சொந்தக்காரரை எல்லோரும் மாடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெகதளாவுக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில், மேல்மாடியில் இலை பரப்புவது அவர் வேலை. பறித்து வந்த பச்சை இலையை நீளநீளமான தொட்டிகளில் பரப்புவார்கள். அடியிலிருந்து பெரிய ஃபேன் காற்றை ஊத, இலை மெல்ல வாடும். அக்கா ஒரு பிடி இலையை அள்ளி உள்ளங்கையில் இறுக்கி விடுவார். அது எவ்வளவு நேரத்தில் விரிகிறது என்று பார்த்தே இன்னும் எத்தனை மணி நேரம் வாட வேண்டும் என்று சொல்லிவிடுவார். காலை ஆறு மணியிலிருந்து அந்த மாடியில் அவர் ஒருவர்தான். இலையோடும் பேசுவார், ஃபேனோடும் பேசுவார், பதிலும் அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த ஃபேன் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மின்னணுக் கருவிக்கு டிரைவ் என்று பெயர். சுவரில் மாட்டிய ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். அது நின்றால் ஃபேன் நிற்கும். ஃபேன் நின்றால் குவிந்த இலை தனக்குள்ளேயே சூடாகிச் சிவந்துவிடும், அப்புறம் அதில் நல்ல தேயிலை வராது. டிரைவுகளைப் பழுது பார்க்கிற சர்வீஸ் இன்ஜினியர் நான். என் கம்பெனி மலைக்கு அனுப்பிய முதல் பெண். கோயம்புத்தூர் ஆபீசில் இருந்த ஆண்கள், ஒரு மழைக்காலம் தாண்டட்டும், தானாக இறங்கி வந்துவிடும் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். அதற்காகவே நான் இறங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த மார்கழியில் டிரைவ் பெட்டிக்குள் பனி இறங்கி, உள்ளே இருந்த சர்க்யூட் கார்டெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். காயவைத்து, ஒரு கார்டை மாற்றி, ஓடவிட்டு, கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். தையில் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை டிரைவ் காட்டிய பழுது வேறு: சூடு அதிகம். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரில் சூடு அதிகமாம். ஃபேக்டரி எலக்ட்ரீஷியன், "ஏனுங்க மேடம், இதுக்குக் காச்சலா இருக்குமுங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிரைவ் தன் பழுதுகளை நேரத்தோடு நினைவில் வைத்திருக்கும். எடுத்துப் பார்த்தேன். எல்லாம் காலை வேளைகள், எல்லாம் மூடுபனி நாட்கள். வெயிலடித்த நாளில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சரி, பனிதான் வேலையைக் காட்டுகிறது என்று முடிவு கட்டி, கேபிள் நுழைகிற ஓட்டைகளை எல்லாம் மெனக்கெட்டு அடைத்தேன். நிற்பது இன்னும் கூடியது. குளிர்விக்கும் சின்ன ஃபேனை மாற்றினேன். மோட்டார் இழுக்கிற கரண்டை அளந்தேன், சரியாக இருந்தது. கடைசியில் டிரைவையே கழற்றிப் புதிதாக வைத்தேன். நான் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வரை அது சமத்தாக ஓடும். நான் மலையிறங்கிய மறுநாள் காலை போன் வரும். அழுகை வந்தது என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

மாசியில் ஒரு நாள் மேனேஜர் என்னை மாடிப்படியிலேயே நிறுத்தினார். "அம்மா, இன்னைக்குச் சரியாகலைன்னா வேற ஆளை அனுப்பச் சொல்லி உங்க ஆபீஸ்ல பேசிட்டேன். தப்பா நினைக்காதீங்க, எனக்கு இலை போகுது." வேறு ஆள் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மலை என் கையை விட்டுப் போகும். கோயம்புத்தூரில் ஒரு மேஜை, ஒரு டெலிபோன், நாள் முழுக்க வணக்கம் சொல்லிக்கொண்டு நான்.

மேலே போனேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, அப்படியொரு மூடுபனி. டிரைவ் ஓடிக்கொண்டிருந்தது, வழக்கம்போல. அக்கா எனக்கு முதுகைக் காட்டி இலையை உதறிக்கொண்டிருந்தார், கம்பளியைப் போர்த்தியபடி. அந்தக் கம்பளியில் பழுப்பாக ஏழு கோடுகள். எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்துத் திரும்பினேன். என் கண் முன்னால், இரும்புப் பெட்டியின் கதவில், காற்றை உள்ளே இழுக்கிற ஏழு பிளவுகள். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். விரலால் அளந்தேன். தேயிலைத் தூசியை அந்தப் பிளவுகள் கம்பளி வழியாக உறிஞ்சி உறிஞ்சி, தங்கள் முகத்தை அதில் எழுதி வைத்திருந்தன.

"அக்கா, இந்தக் கம்பளியை இந்தப் பெட்டி மேல போத்துவீங்களா?"

"ஆமாங்க அம்மிணி. நீங்கதானுங்க அன்னைக்கு ஓட்டமா ஓடையில சொல்லீட்டுப் போனீங்க, இதுக்குப் பனி ஆகாது, பாத்துக்கங்கன்னு. பனி எறங்குனா நல்லா இறுக்கிப் போத்தி உட்ருவனுங்க. எனக்குக் குளுந்தாப் பரவால்ல. மிசினு நின்னுச்சுன்னா, மூச்சு முட்டுதோ என்னமோன்னு எடுத்துருவேன். நீங்க வாரீங்கன்னாலும் எடுத்துருவனுங்க. அழுக்குக் கம்பளி உங்க கண்ணுல படலாமுங்களா?"

இரண்டு மாதம் மீட்டர் வைத்து நான் தேடியதை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். மூச்சு முட்டுகிறது என்பதைக்கூடச் சரியாகவே சொல்லியிருந்தார். எனக்கு ஒரே நேரத்தில் துள்ளிக் குதிக்கவும் தோன்றியது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பாதி சொல்லிவிட்டு ஓடியது நான்.

மேனேஜரையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டேன். அக்காவைக் கம்பளியைப் போர்த்தச் சொன்னேன். எல்லோரும் டிரைவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சூட்டின் எண் ஒவ்வொன்றாக ஏறியது. முக்கால் மணி நேரம் ஆனது. டப்பென்று டிரைவ் நின்றது, ஃபேன் ஓய்ந்தது. எலக்ட்ரீஷியன் தன்னை மறந்து கை தட்டிவிட்டார். பழுதானதற்குக் கைதட்டல் வாங்கிய ஒரே டிரைவ் அதுவாகத்தான் இருக்கும்.

மேனேஜர் தட்டவில்லை. அக்காவைப் பார்த்து, "இதை மூடச் சொல்லி உனக்கு யார் சொன்னது?" என்றார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "யாருஞ் சொல்லலைங்க சாமி. நானாத்தானுங்க போத்துனேன்" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மலை என்னுடையது. அந்த ஒரு நிமிடத்தில் அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் தன் கம்பளியையும் கொடுத்துவிட்டு, என் தப்பையும் சேர்த்துப் போர்த்திக்கொள்கிற மனுஷியின் முன்னால் என்னால் அப்படி நிற்க முடியவில்லை.

"நான்தான் சார் சொன்னேன். பனி படக் கூடாதுன்னு சொன்னேன், மூடக் கூடாதுன்னு சொல்லாமப் போயிட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. எங்க ஆபீஸ்லயும் அப்படியே சொல்லிருங்க."

மேனேஜர் என் எதிரிலேயே போனை எடுத்தார். "ஆமா, கண்டுபிடிச்சாச்சு. வேற ஆள் வேண்டாம். இனிமே இந்தப் பொண்ணையே அனுப்புங்க, வேற யாரையும் அனுப்பாதீங்க" என்றார். அவ்வளவுதான். நான் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர், "இலைய மிதிக்கறீங்க அம்மிணி" என்றார்.

அதே வாரம் பெட்டிக்குள் ஈரத்தைப் போக்க ஒரு சின்ன ஹீட்டர் வைத்தேன், நான் அடைத்த ஓட்டைகளில் வேண்டியதைத் திறந்தேன். அதற்குப் பிறகு அந்த டிரைவ் சூட்டினால் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கோயம்புத்தூர் ஆபீசில் இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். இரண்டாம் மழைக்காலமும் தாண்டியது, மூன்றாவதும் தாண்டியது. இப்போது கேரள எல்லையில் இருக்கிற நாடுகாணி வரைக்கும் மலை முழுக்க என் பொறுப்பு, எனக்குக் கீழே ஆறு பேர். இன்றைய டிரைவுகள் சூடானால் நேரே செல்போனுக்கே செய்தி அனுப்புகின்றன. ஆனாலும் என் ஆட்கள் பழுது புரியவில்லை என்று போன் செய்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, அங்கே காலையில் வேலை செய்கிறவரிடம் பேசினாயா என்பதுதான்.

அக்கா ரிட்டயர் ஆன அன்று போயிருந்தேன். கம்பளியை மடித்து என் கையில் கொடுத்தார். "எத்தன தொவச்சும் அந்தக் கோடு போகமாட்டேங்குதுங்க அம்மிணி" என்றார், குறைபட்டுக்கொள்வதுபோல. போகவே வேண்டாம் அக்கா என்றேன். இன்று காலையும் குன்னூரில் நல்ல பனி. அதை எடுத்துப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.