அஞ்சலை வீட்டுப் பின்சுவரும் ஏத்துமீனும்

அஞ்சலைக்குப் பேய் பயம் கிடையாது. பாம்பைத் துடைப்பக்கட்டையால் தள்ளிவிட்டுப் பாத்திரம் கழுவப் போகிறவள். அவளுக்குப் பயமெல்லாம் மண் அள்ளும் மஞ்சள் மிஷின் ஒன்றுதான். கூவம் கரையில் அவள் பிறந்த வீட்டை அது இடித்தபோது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டைக் காணோம். அம்மா கிரைண்டர் மேல் உட்கார்ந்திருந்தாள். அரசாங்கம் வேறு இடம் கொடுத்தது. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். படிப்பு அதோடு சரி.

கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்தாள். வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் சித்தேரி, அதன் கரைக்குக் கீழே எங்கள் தெரு. ஒரு காலத்தில் இங்கே எல்லாருக்கும் வயல் கூலி. வயல் மனையானதும் ஆம்பளைகள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனார்கள், பொம்பளைகள் கூட்டிப் பெருக்கப் போனார்கள். அஞ்சலை புருஷன் ரவிச்சந்திரன் லேத்து ஓட்டுகிறான். அவள் வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜில் ஹவுஸ்கீப்பிங். குடிசை ஷீட் வீடாகி, ஷீட் வீடு தளம் போட்ட ஒற்றை அறையாகி, பின்னால் ஒரு சமையல்கட்டும் முளைத்தது.

அந்தச் சமையல்கட்டுதான் வம்பு. ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும் கால்வாய் அங்கேதான் இருந்தது. கால்வாயில் ஒரு சிமென்ட் குழாயைப் போட்டு, மேலே மண்ணைக் கொட்டி, அதன்மேல் அடுப்பு வைத்தார்கள். தெருவுக்கே தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கமாட்டோம். எங்கள் வீட்டு லட்சணம் மட்டும் என்ன வாழ்ந்தது?

போன புரட்டாசியில், சித்தேரியைச் சீர்செய்ய அரசாங்கம் பணம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லிச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நடைபாதை போடுவார்கள், பெஞ்சு போடுவார்கள் என்று பார்த்தால், இல்லை. மீனுக்காம், பறவைக்காம். நாட்டு மீன் பெருக வேண்டும், நீர்க்கோழி முட்டையிடக் கோரை வளர வேண்டும், அதற்குத்தான் பணம். மனுஷனுக்கு ஒதுக்கினால் வந்து சேர வருஷமாகும். மீனுக்கு ஒதுக்கியது உடனே வந்து நின்றது.

பேசியது ரோஷினி என்ற பெண். திட்டத்துக்காக மீன்களைக் கணக்கெடுப்பவள். நல்ல பெண்தான், குறை சொல்லமாட்டேன். புது வெள்ளத்தில் மீன் ஓட்டத்தை எதிர்த்து ஏறுமே, அது இந்த ஏரிக்கு எந்த வழியாக வருகிறது என்று கேட்டாள். எல்லாரும் கூரையைப் பார்த்தோம். மூலை வீட்டு ஜம்புலிங்கம் மட்டும் எழுந்து, "மீனா? நாங்க மார்க்கெட்லதாம்மா பாத்துகீறோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஏத்துமீன் பேச்சு வந்தால் எங்கள் ஆம்பளைகளுக்கு வாய் அடங்காது. முழ நீள விரால் பிடித்தவன் அதை முப்பது வருஷம் சொல்வான், மீனும் வருஷத்துக்கு ஒரு விரற்கடை வளரும். ரவிச்சந்திரன் எழுந்துவிட்டான்.

"இன்னா மாமே, தெரியாதுன்ற? எங்க ஊட்டு அடுப்பாண்ட வந்து நிக்கும் மேடம், விராலு. போன மழைக்கு ஜலதாரை வழியா உள்ளயே வந்துச்சு. எம் பொண்டாட்டி கொழம்பக் கொதிக்கவெச்சுட்டுதான் மீனப் புடிக்கவே குனிவா."

கூடமே சிரித்தது. ரோஷினி சிரித்துக்கொண்டே போனில் பதிவு செய்துகொண்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலையின் கை என் முழங்கையைப் பிடித்தது.

திரும்பும் வழியில் அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"யோவ், நம்ம ஊடு கால்வா மேல கீதுன்னு மைக்ல சொல்லிட்டு வர்ற."

"நான் மீனத்தானேடி சொன்னேன்."

"மீனு இன்னா, பஸ் புடிச்சா வருது?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நடந்தான்.

அடுத்த வாரம் இரண்டு பேர் டேப்போடு வந்து பின்சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். எதற்கு என்று கேட்டால், மேலே கேளுங்கள் என்றார்கள். மேலே யார் இருக்கிறார்கள், காக்காதான் இருக்கிறது. அன்றிலிருந்து அஞ்சலைக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டில் மிஷின் சத்தம் கேட்டால் வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கி வீட்டுக்கு ஓடி வந்தாள். சுவர் நிற்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். காலேஜில் சூப்பர்வைசர் திட்டினான். ரேஷன் கார்டு, கரண்ட் கார்டு எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். கிரைண்டரை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு ஒரு மத்தியானம், புருஷன் ஷிப்டுக்குப் போயிருந்தபோது, குழாய் வாயில் மண் மூட்டைகளைத் திணித்து மேலே சிமென்ட் பூசிவிட்டாள். மீன் வந்தால்தானே கால்வாய்? மீனே வரவில்லை, என் புருஷன் குடித்துவிட்டு உளறினான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். அவன் குடிப்பதே இல்லை. பைத்தியமா உனக்கு, தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். "போற எடத்துக்குப் போட்டும்கா" என்றாள். பயந்தவளிடம் நியாயம் பேசுவது சுவரில் முட்டிக்கொள்வது மாதிரி. விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. ஏரி நிரம்பி வழிந்தது. தண்ணீர் அவள் வீட்டுப் பின்பக்கம் வரை வந்தது, போக வழியில்லை, எங்கள் பக்கம் திரும்பியது. காலையில் என் வீட்டு வாசற்படி முழுகியது. அதற்குள் எதிர்வீட்டு சிம்ரன் கத்திக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளை பெற்று அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். கட்டில் காலைத் தாண்டித் தண்ணீர். பச்சைக் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, தையல் வலியில் நடக்க முடியாமல் சுவரோரம் நின்றாள். ஜம்புலிங்கம் போய்க் குழந்தையை வாங்கினார்.

அதே நேரம் ரோஷினி வந்திருந்தாள், மீன் ஏறுவதைப் படம் எடுக்க. அஞ்சலை வீட்டுக்கு அந்தப் பக்கம் கால்வாயில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

அஞ்சலை வாசலில் நின்று குழந்தையைப் பார்த்தாள். அடைப்பை எடுத்தால் ரோஷினி கண்ணெதிரே குழாய் திறக்கும். எடுக்காவிட்டால் தெரு முழுகும். உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்தாள். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. பின்பக்கம் தண்ணீரில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். நாலாவது குத்தில் சிமென்ட் உடைந்து மூட்டைகள் பிய்த்துக்கொண்டு போயின. தெருத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கெண்டையும் விராலும் அந்தக் குழாயில் முட்டி மோதி ஏறின. ஒரு பிள்ளைகூடப் பிடிக்கவில்லை, எல்லாரும் அஞ்சலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் நனைந்த புடவையோடு போய் ரோஷினி முன்னால் நின்றாள். "இடிச்சுடுவீங்களா மேடம்?"

ரோஷினிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் போனை உள்ளே வைத்தாள். மீன் ஏறக் கால்வாய் திறந்திருக்க வேண்டும், சமையல்கட்டு நிற்காது, முன் அறை தப்பும் என்று நான் எழுதுகிறேன், ஆனால் முடிவு என் கையில் இல்லை அக்கா என்றாள். பொய் சொல்லாமல் சொன்னாள், அந்த மட்டும் நல்லது.

மழை விட்டதும் அஞ்சலையும் ரவிச்சந்திரனும் சமையல்கட்டை அவர்களே கல் கல்லாகப் பிரித்தார்கள். மிஷின் வந்து கை வைத்தால் எங்கே நிறுத்தும் என்று யாருக்குத் தெரியும் என்றாள். அவன் கல் எடுத்தான், அடுக்கினான். குழாயையும் தோண்டி எடுத்தார்கள்.

தை மாதம் மிஷின் வந்தது. கால்வாயை அகலப்படுத்திக்கொண்டே அவள் முன் அறைக்கு ஒரு கை தூரத்தில் போனது. வீடு அதிர்ந்தது. அஞ்சலை உள்ளே சுவரில் முதுகை ஒட்டி நின்றாள், அது கடந்து போகும்வரை. வெளியே வா என்று எவ்வளவோ கூப்பிட்டேன். அறை இன்னும் நிற்கிறது. அடுப்பு கட்டிலுக்குப் பக்கத்தில்.

போன வாரம் ரோஷினி வந்தாள். மீன்குஞ்சு நிறைய இருக்கிறது, நீர்க்கோழி கூடு கட்டியிருக்கிறது என்று வாயெல்லாம் பல். அஞ்சலை டீ போட்டுக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"இந்தப் பணம் இத்தோட முடிஞ்சுதா மேடம், இன்னும் வருமா?"

ரோஷினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலப்படாதீங்கக்கா. ரெண்டாவது கட்டத்துக்கும் ஒதுக்கிட்டாங்க. இதவிட அதிகம்."