கிடைக்காத வெள்ளிப் பல்

வளைகுடாவில், மங்காஃபில் நாங்கள் இருந்த காலத்தில், எங்கள் வீட்டில் எந்த உடம்புக் கோளாறுக்கும் அப்பா ஒரே மருந்துதான் சொல்வார்: "லீவுக்குப் போறப்ப பாத்துக்கலாம்." அவருடைய கண்ணாடி, அண்ணனின் காலாணி எல்லாம் வருடம் முழுக்க லீவுக்காகக் காத்துக் கிடக்கும். ஊரில் இறங்கியதும் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கி, திரும்ப விமானம் ஏறுவதற்குள் எல்லாரையும் பழுதுபார்த்து முடித்துவிட வேண்டும்.

அந்த வருடம் என் கடைவாய்ப்பல்லும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. புதிதாக முளைத்த பல்லில், சுண்ணாம்பு பட்டதுபோல ஒரு வெள்ளைத் திட்டு. மங்காஃப் பல் டாக்டரம்மா மருந்து பூசிவிட்டு, சொத்தை இப்போதுதான் ஆரம்பம், குழி விழவில்லை, ஒழுங்காகப் பல் தேய்த்து இனிப்பைக் குறைத்தால் அப்படியே நின்றுவிடலாம் என்றார். குழி விழுந்தால் அடைக்கலாமாம். நர்ஸான அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது, அப்பாவுக்குப் போதவில்லை.

"பெறவு குழி விழுந்தா டூட்டிய விட்டுட்டு யாரு அலையுறது? ஊர்லயே அடைச்சிட்டு வந்தா கலாஸ், சோலி முடிஞ்சுது."

நான் அப்பா கட்சி. சித்தி மகளுக்குப் பல்லில் வெள்ளி அடைத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாலே பளிச்சென்று மின்னும். எனக்கும் அது வேண்டும் என்று ஏக்கமாக இருந்தது.

நாகர்கோவில் டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டு, என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டார். நாளை மறுநாள் என்றார் அப்பா. "அப்போ இன்னைக்கே அடைச்சிரலாம்" என்று அவர் துளைக்கும் கருவியை எடுத்தார். நான் ஆசையாக வாயைத் திறந்தேன்.

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "வேண்டாம் டாக்டர். ஒருக்கா தொளச்சா தொளச்சதுதான். நாங்க பாத்துக்கிட்டே இருக்கோம்."

"டாக்டருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?" என்றார் அப்பா.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "கல்யாணம் முடிஞ்ச வருசம் எனக்கும் இப்படித்தான் அவசரத்துல முன்பல்லப் பிடுங்கினாங்க. பிளைட்டுக்கு நேரமாச்சுன்னு நீங்களும் தலையாட்டினீங்க."

அப்பா குனிந்து என் செருப்பை எடுத்து நாற்காலியருகே வைத்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத ஆத்திரத்தில் நான் வழியெல்லாம் அழுதேன்.

மங்காஃப் திரும்பியபின், டூட்டி முடிந்து வந்ததும் அம்மா டார்ச்சை அடித்து அந்தப் பல்லைப் பார்ப்பாள். திட்டு மெல்லப் பழுப்பாகி அப்படியே நின்றுவிட்டது. இன்றுவரை குழி விழவில்லை.

அந்த லீவு முடிந்து ஊரிலிருந்து கிளம்பிய அன்று, வாசலில் எங்களை நிற்கவைத்து மாமா படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார். அம்மா வழக்கம்போலக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மின்னுவதற்கு வெள்ளி இல்லாத கோபத்தில் நானும் வாயை மூடிக்கொண்டேன். அம்மா என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"நீ நல்லா வாயத் தொறந்து சிரி, மக்ளே."

என் கையை இறக்கியவள் தன் கையை ஏன் இறக்கவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.