தானாக நிரம்பிய பக்கம்

தம்பிக்கு முள்ளு என்று ஒரு பெயர் இருப்பது அக்காவுக்கு ரொம்ப நாள் தெரியாது. கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அதை முதன்முதலில் கேட்டாள். வாசலில் ஒரு லாரி டிரைவர் ரேடியோப் பெட்டியோடு நின்று, "முள்ளு இருக்காரா?" என்று கேட்டார்.

"அப்படி யாரும் இங்க இல்லையே" என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து தம்பி சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். "நான்தான்க்கா அது."

அவன் அப்போது ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தான். ரேடியோ முள்ளைத் திருப்பும்போது அதைப் பார்க்கவே மாட்டான். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பான், கை போய்ச் சரியான இடத்தில் நிற்கும். அதற்கு வைத்த பெயர். அப்பா வழியில் யாருக்கும் கைத்திறமை கிடையாது. பெரியப்பா ஆணி அடித்தால் ஆணி நிற்கும், சுவர் விழும். அம்மாவின் சித்தப்பா ஒருவர் கைக்கடிகாரம் பார்த்தவர், அவர் கைதான் இவனுக்கு வந்திருக்கிறது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

அந்தக் கைதான் அவனைப் பின்னாளில் போர் விமானப் பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே எட்டுப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நிஜ விமானத்தில் இருப்பது போலவே இருக்கை, கைப்பிடி, சுற்றிலும் வானத்தைக் காட்டும் திரை. சிமுலேட்டர் என்பார்கள். அக்கா அதைப் பறக்காத விமானம் என்றே சொல்வாள்.

பெட்டியில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. ஒவ்வொரு ஓடுதளத்தோடும் ரேடியோவில் பேச ஒரு எண் உண்டு. எதிரி ஒட்டுக்கேட்காமல் இருக்க அந்த எண்ணைத் தினமும் மாற்றுவார்கள். பயிற்சி விமானிக்கு எண் வேண்டுமென்றால் பறக்கும் காட்சியை விட்டுவிட்டு, பெரிய வரைபடத்தைத் திறந்து, ஓடுதளம் எங்கே என்று தேடித் தொட வேண்டும். அதற்குள் விமானம் தன்பாட்டுக்குப் போய் மலையில் முட்டியிருக்கும். கூடத்துக் கரும்பலகையில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்: 'இந்த வாரம் குண்டு பட்டுச் செத்தவர் இரண்டு, மேப் பார்த்துச் செத்தவர் ஏழு.'

முள்ளு நாலு மாதம் உட்கார்ந்து அதற்கு வழி பண்ணினான். கைப்பிடியில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பட்டன். தட்டினால் திரையில் விமானியின் தொடை மேல் ஒரு சின்னப் பக்கம் வரும். அதில் அன்றைய எண்கள் எல்லாம் இருக்கும். யாரும் எழுத வேண்டாம், காலை உத்தரவு வந்ததுமே அது தானாக நிரம்பிக்கொள்ளும். மறு வாரமே கரும்பலகையில் ஏழு பூஜ்யமானது.

அக்கா மகன், அதான் அன்று இடுப்பில் இருந்த குழந்தை, அதே கூடத்தில்தான் எட்டு மாதம் பயிற்சி எடுத்தான்.

"மாமா, உங்க பக்கம் மட்டும் இல்லேன்னா நான் இன்னும் மேப்லயே குடித்தனம் பண்ணிட்டு இருப்பேன்" என்பான்.

"குடித்தனம் பண்ண முதல்ல பொண்ணு வேணும் மாப்ளே. உங்கம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"அதுக்கும் ஒரு பட்டன் வச்சுக் குடுங்க. தட்டினா நல்ல பொண்ணா வந்து நிக்கணும்."

"உன்னப் பாத்தா அவளும் மேப்ப தேடிப் போயிடுவாடா" என்று அக்கா சொல்ல, மூவரும் சிரித்தார்கள்.

பயிற்சி முடிந்து அவன் நிஜ விமானத்துக்குப் போனான். அங்கே தொடையில் பட்டை போட்டுக் கட்டிய ஒரு சின்ன அட்டை, அதில் காகிதம். எண்களை விமானியே காலையில் பார்த்துத் தன் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். பதினோரு வாரம் ஒழுங்காக எழுதினான். பன்னிரண்டாவது வாரம் ஒரு நாள் அவசரமாகக் கிளம்பச் சொன்னார்கள். தொடையில் இருந்தது முந்தின நாள் காகிதம்.

திரும்பும்போது தளத்தை மேகம் மூடிவிட்டது. வேறு தளத்துக்குப் போகச் சொன்னார்கள். குனிந்து பார்த்து எண்ணை வைத்துக் கூப்பிட்டான். நாலு தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, தரையைத் தேடி மேகத்துக்குக் கீழே இறங்கினான். ஆபத்துக்கு என்று இருக்கிற பொது எண்ணை அவன் வைத்த நேரத்தில் நடுவில் மலை வந்துவிட்டது. குரல் யாருக்கும் போய்ச் சேரவில்லை. விமானம் அந்த மலையிலேயே மோதியது.

விசாரணை முடிந்து வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தது. 'விமானியின் கவனக்குறைவு' என்று அதில் இருந்தது. அக்கா எட்டாவதோடு நின்றவள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுத்துக் கூட்டித் திரும்பத் திரும்பப் படித்தாள். குழாயை மூடிவிட்டு இரண்டு தடவை போய்ப் பார்க்கிற பிள்ளை அவன். போனவன் போய்விட்டான், அந்த வார்த்தையாவது அவன் பேரிலிருந்து போக வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

காகிதம் வந்த பத்தொன்பதாம் நாள் மத்தியானம் தம்பி வந்தான். சமையலறை வாசலிலேயே நின்றான்.

"விமானத்துல பதிவான சத்தத்தக் கேட்டேன்க்கா. எங்க கூடத்துலதான் போட்டாங்க."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"ரெண்டாவது தடவ கூப்பிட்டதுக்கப்புறம் டக்குனு ஒரு சத்தம். அப்புறம் ரெண்டு தடவ டக்கு, டக்குனு. அது என்னன்னு அங்க யாருக்கும் தெரியல."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"என் பட்டன் இருக்கற எடம்க்கா அது. நிஜ விமானத்துல அந்த எடத்துல இருக்கறது விளக்குக்கான பட்டன். இன்னைக்கு எண்ணோட பக்கம் வரும்னு தட்டியிருக்கான். எட்டு மாசம் எங்கிட்ட பழகின கை."

அவள் அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தாள். பிறகு கேட்டாள். "இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லு. எழுதிக் குடு. எம்புள்ள பேர்ல இருக்கற அந்த வார்த்தைய எடுக்கச் சொல்லு."

"எடுத்தா அது எம்மேல வந்து உக்காரும்க்கா."

"உக்காரட்டும்."

அவன் ஆறு தாள் எழுதிக் கொடுத்தான். அதோடு விடவில்லை. மறுநாள் காலை எட்டுப் பெட்டிகளிலும் பட்டனைத் தட்டினால் வெற்றுப் பக்கம்தான் வந்தது. முதலில் எண்களைத் தன் கையால் எழுதினால்தான் பக்கத்தில் ஏதாவது இருக்கும். பயிற்சிக்கு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அன்றைக்கு மட்டும் மூன்று பேர் பெட்டிக்குள் செத்தார்கள்.

கூடத்து அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். "என்னங்க இது? ஊரே மெச்சின வேலையை நீங்களே கெடுத்து வச்சிருக்கீங்க."

"இங்க செத்தா எந்திரிச்சு டீ குடிக்கப் போவாங்க சார். இங்கயே செத்துப் பழகட்டும்."

"உங்க துக்கம் எனக்குப் புரியுது. பழையபடி மாத்துங்க."

"மாத்த மாட்டேன்."

வேறு ஆளை வைத்து மூன்றே நாளில் மாற்றிவிட்டார்கள். முள்ளுவைக் கூடத்திலிருந்து எடுத்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து இரண்டாவது காகிதம் வந்தது. அதில் ஒரு வரி கூடியிருந்தது. 'பயிற்சியில் ஏற்பட்ட பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.' அதற்கு மேல் வரியில் கவனக்குறைவு அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அன்று தம்பி வந்தபோது அக்கா காகிதத்தை அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள். அவன் படித்தான். கட்டைவிரல் மேசை விளிம்பைத் தன்னையறியாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"அந்தக் கைய எடுடா" என்றாள்.

எடுத்தான்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். எனக்கு ஒரு தம்பியாவது மிஞ்சியிருப்பான்."

"நீதானேக்கா எழுதிக் குடுன்னு சொன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுக்கு வரவில்லை, அவளும் கூப்பிடவில்லை. கூடத்தில் அந்தப் பக்கம் இன்றைக்கும் காலை உத்தரவு வந்ததும் தானாக நிரம்பிக்கொள்கிறது. முள்ளு அதே வளாகத்தின் பின்பக்கக் கிடங்கில் இருக்கிறான். காலை ஏழிலிருந்து மாலை நாலு வரைக்கும், விமானிகள் திருப்பிக் கொடுத்த ஹெட்போன்களை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது இப்போது அவன் வேலை.