பம்ப் அலறியபோது

தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் இயந்திரத்தில் நசுங்கிய என் மகளின் கால் அழுகத் தொடங்கியிருந்தது. கோலாலம்பூர் மருத்துவமனையில், உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் தரும் கண்ணாடிக் கூண்டுக்குள் அவளைப் படுக்க வைத்தார்கள். இரத்த அழுத்தம் விழாமல் காக்கும் மருந்தைச் செலுத்தும் பம்ப் வெளியே நின்றது. அதன் மெல்லிய குழாய் கதவு வழியே அவள் கைக்குப் போனது.

நர்ஸ் போன் எடுக்கப் போன நேரத்தில் பம்ப் அலறியது. வார்டில் பம்ப் சும்மா கத்தும்போதெல்லாம் ஒரு வாரமாகச் செய்து பழகியதுபோல் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினேன். உள்ளிருந்து மகள் நிம்மதியாகத் தலையசைத்தாள்.

நர்ஸ் திரும்பியபோது குழாயில் இரத்தம் பின்னோக்கி ஏறியிருந்தது.

“அங்கிள், யாரு அலாரத்த ஆஃப் பண்ணது? கூண்டுக்குள்ள பிரஷர் ஜாஸ்தி லா, மருந்தத் தள்ள முடியாமதான் அது கத்துது! இது வார்டுன்னு நெனச்சீங்களா?”

அவள் சரிசெய்வதற்குள் மகளின் கண்கள் செருகிவிட்டன.

பிழைத்துக்கொண்டாள். கால் போயிற்று. அது என்னாலா என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை.

“அன்னிக்கு அப்பாதான் பக்கத்துலயே நின்னு மெஷினப் பாத்துக்கிட்டாரு” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் இன்றும் சொல்கிறாள். தேநீர் போடுவதாகச் சொல்லி நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன்.