பஷீர் பாய் எண்ணிய பத்து

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றிருந்தேன். பைக்குள் பஷீர் பாயின் சின்னக் கேமரா, துண்டில் சுற்றி. கடல் தண்ணீர் பட்டுவிட்டதால் மூன்று நாள் காயவைத்து அவரிடம் திருப்பித் தரப் போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் மனைவி மெஹர் அக்காவின் போன் வந்தது. "சுமதி, பாய் மௌத்தாயிட்டாரும்மா. காலைல தொழுதுட்டு வந்து உக்காந்தாரு, நெஞ்சப் புடிச்சாரு, அவ்ளோதான்." "டாக்டர் பாத்தாராக்கா? நல்லாப் பாத்தாரா?" என்று இரண்டு தடவை கேட்டேன். எதையும் இரண்டு தடவை கேட்பது அவரிடமிருந்து எனக்குத் தொற்றிய பழக்கம்.

எங்கள் பயண வீடியோக்களைத் தொடர்ந்து பார்த்த உங்களுக்கு என் குரல் தெரியும். படம் பிடித்தவர் அவர். வாரமெல்லாம் செங்கல்பட்டு மார்க்கெட் பக்கம் பெட்டி, பை விற்கும் கடை. ஞாயிறானால் சட்டைப் பையில் அடங்கும் அந்தக் கேமராவோடு கிளம்பிவிடுவார். பெரிய கேமரா வாங்கலாமே என்று நான் நச்சரித்தபோதெல்லாம், "பெருசப் பாத்தா ஜனங்க மூஞ்சிய மாத்திக்குவாங்க சுமதி" என்பார். அதோடு பெரிய கேமராவைக் கீழே போட்டுவிடுவோமோ என்ற பயமும் அவருக்கு இருந்தது. பயத்தில் நானும் அவரும் ஒரே ரகம். பேட்டரி தீருமோ, மழை வருமோ, லென்சில் மணல் புகுமோ என்று பேசியே மாமல்லபுரம் வரை பஸ்ஸில் போவோம்.

அங்கே ஒருநாள் காவலாளி எங்களை மறித்தார். "பாய், கேமரா ஸ்டாண்டெல்லாம் உள்ள வுட மாட்டோம்." இவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "ஸ்டாண்டு ஏது அண்ணாத்த, கைதான் கீது" என்றார். அந்தக் கை லேசாக நடுங்கும், சர்க்கரை வியாதி. அதற்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டு, மூச்சை மெதுவாக விட்டபடி, ஒன்றிலிருந்து பத்து வரை வாய்விட்டு எண்ணுவார். எண்ணி முடிக்கும் வரை படம் அசையாது. "எண்ணலன்னா கை நிக்காது" என்பார். ஒவ்வொரு துண்டுப் படத்திலும் அந்த எண்ணிக்கை பதிவாகியிருக்கும். வீட்டில் உட்கார்ந்து அதை வெட்டி எறிந்து, என் குரலைப் போடுவது என் வேலை.

கடற்கரைக் குப்பம் ஒன்றில் இந்த எண்ணிக்கையால் வம்பே வந்தது. மீன் கூடைக்கு நேராகக் கேமராவை நீட்டி, "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தார். கூடைக்காரம்மா எழுந்து நின்றுவிட்டார். "இன்னா பாய், எம் மீன எண்ணிக்கினு கீற? கண்ணு பட்டா நாளைக்கு வலையில இன்னா வரும்?" பாய் வெலவெலத்துப்போய், "மீன இல்லம்மா, என் மூச்ச எண்றேன்" என்றார். அந்தம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அத வேற பக்கம் திரும்பி எண்ணு" என்றார். அன்றிலிருந்து மீன் கூடை எதிரே மட்டும் உதடு அசைய, சத்தமில்லாமல் எண்ணினார். அந்தப் படங்கள் கொஞ்சம் ஆடியே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சதுரங்கப்பட்டினம் கோட்டையில் நாள் முழுக்க எடுத்ததை ஒருமுறை தொலைத்தோம். கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது என்று அவர் என்னை நம்பினார், நான் அவரை நம்பினேன், கேமராவின் மெமரி கார்டை அழித்துவிட்டோம். அவர் என்னைத் திட்டவில்லை. அன்று முழுக்க "இன்னா பண்ணிட்டோம், இன்னா பண்ணிட்டோம்" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். மறுவாரம் ஒரு சட்டம் போட்டார். கார்டை அழிக்கும்போது இரண்டு பேரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருவர் "ஆச்சா?" என்று கேட்க, மற்றவர் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் பொத்தானைத் தொட வேண்டும். நான் சிரித்தாலும் ஒருநாளும் மீறியதில்லை.

கடைசியாகப் போனபோது அலை ஒன்று எதிர்பாராமல் இடுப்பளவு ஏறி அவரையும் கேமராவையும் நனைத்தது. கார்டைக் கழற்றிக் கைக்குட்டையால் ஒற்றி, காகிதத்தில் மடித்து, கேமராவோடு என்னிடம் தந்தார். "மூணு நாள் காயட்டும். அவசரப்பட்டுக் கம்ப்யூட்டர்ல சொருவிடாத. உப்பு பொல்லாதது." அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து மெஹர் அக்காவைப் பார்க்கப் போனேன். கணவர் இறந்தபின் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் உள் அறையில் உட்கார்ந்திருந்தார். "எல்லா வீடியோவும் போட்டுப் பாத்துட்டேன்மா. எல்லாத்துலயும் நீதான் பேசற. அவர் குரல் எங்கயுமே இல்லியே?" என்றார். இத்தனை வருடமும் வெட்டிப் போட்டது நான்தான். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று மூலப் படங்களையும் அழித்திருந்தேன். அதற்கும் ஒவ்வொரு முறையும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து "ஆச்சு" சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தது உப்புத் தண்ணீரில் நனைந்த அந்த ஒரு கார்டு. கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், அதைக் காகிதத்திலிருந்து பிரிக்கக்கூட இல்லை.

அக்கா எதிரிலேயே லேப்டாப்பைத் திறந்து சொருகினேன். கார்டைப் படிக்க முடியவில்லை, அழித்துவிட்டுத் தொடங்கவா என்று திரை கேட்டது. "இன்னாம்மா கேக்குது?" என்றார் அக்கா. "அழிக்கட்டுமான்னு கேக்குதுக்கா." "அய்யோ, வேணாம்னு சொல்லு!" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்பதை அழுத்திவிட்டுக் கார்டை வெளியே எடுத்தேன். அவர்கள் மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பர் வாங்கி, கார்டின் செப்புப் பட்டைகளை மெல்லத் தேய்த்தேன். பச்சைப் பிசுக்கு கொஞ்சம் வந்தது. ஊதிவிட்டு மறுபடி சொருகினேன். இந்த முறை திறந்தது.

படகுகள், பாறை, காயும் வலை. ஒவ்வொன்றிலும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவர். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "இன்சுலின் ஊசி போடும்போதும் இப்படித்தான் எண்ணுவாரு. பத்து வரைக்கும் இருக்க மாட்டாரு, ஏழுலயே ஊசிய உருவிட்டு எந்திரிச்சு ஓடிருவாரு, திருடரு" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார். கடைசித் துண்டில் கடல் மட்டும் இருந்தது. ஆறு வரை நிதானமாக எண்ணினார். அலை வந்து மோதியது. "அய்யோ சுமதி, கேமரா!" என்றதோடு படம் நின்றுவிட்டது. அக்கா திரையைப் பார்த்தபடி, "ஏழு, எட்டு, ஒம்போது, பத்து" என்று மெதுவாக எண்ணி முடித்தார்.

அக்காவுக்கு எல்லாவற்றையும் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். என்னிடமும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. போன வாரம் அக்கா கேட்டார்: "அந்தக் கார்ட இன்னும் வெச்சிருக்கியா? அழிச்சிட்டு நீ வேலைக்கு வெச்சுக்கயேன்."

"இல்லக்கா, அழிக்க முடியாது. நான் ஆச்சான்னு கேட்டா, ஆச்சுன்னு அவர்தான் சொல்லணும்" என்றேன்.