அண்ணி பரிமாறிய ஆன்ட்ரே

அந்த உணவகத்தில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். கொழுந்தன் கூப்பிட்டது மேசை துடைக்கிறவர்கள்வரை தொற்றிக்கொண்டது. புருஷனும் அவளுமாகத் தொடங்கிய கடை. அவர் கண்ணை மூடியபின் கல்லாவில் கொழுந்தன் உட்கார்ந்தான். கோட்டு மாட்டினான், சுவரெல்லாம் கண்ணாடி பதித்தான், மெனு கார்டில் பிரெஞ்சுச் சொற்களை ஏற்றினான். அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவள் மட்டும் அதே அண்ணி.

ஒரு மதியம், பரிமாறுகிற ஆள் வராததால் அவளே ஒரு மேசைக்குப் போய் நின்றாள். கார்டில் விரல் வைத்து, "என்ட்ரீ என்ன வேணும் சார்?" என்றாள். கார்டில் இருந்த இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டினால் அப்படித்தானே வரும்? வந்தவர்கள் மீன் என்று சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"ஆன்ட்ரே அண்ணி, ஆன்ட்ரே! மெயின் டிஷ்! என்ட்ரீயாம்... இந்த லட்சணத்துல வெளிய வந்தா உங்களுக்கு எக்சிட்தான்."

அந்த மேசை சிரித்தது. பக்கத்து மேசையும் சிரித்தது. அண்ணியும் பல்லைக் காட்டிவைத்தாள். உள்ளே போய்க் கரண்டியைப் பிடித்தாள். அந்த மாதக் கடைசியில் கொழுந்தன் புதுச் சமையல்காரர் ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தி, "நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்கண்ணி" என்றான்.

அவள் ரெஸ்ட் எடுக்கவில்லை. விருந்துகளுக்குச் சமைத்து அனுப்பும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன் முதலாளியம்மா நாலு நாட்டு ஓட்டல்களில் வேலை பார்த்தவள். ஒருநாள் வெங்காயம் அரிந்துகொண்டே அண்ணி கேட்டாள்.

"இந்த ஆன்ட்ரேன்னா என்னம்மா?"

"எந்த ஊர்ல கேக்குறேங்கிறதைப் பொறுத்தது," என்று அவள் சிரித்தாள். "பிரெஞ்சுல நுழையறதுன்னு அர்த்தம். சாப்பாட்டுக்கு முன்னால வைக்கிற சின்னத் தட்டு. இங்கிலீஷ்ல அந்த வார்த்தையைக் கடன் வாங்கினாங்க. ஆஸ்திரேலியாவுல இன்னும் சின்னத் தட்டுதான். அமெரிக்காவுல பெரிய சாப்பாட்டையே அப்படிச் சொல்றாங்க. ரெண்டும் சரிதான். ஆனா யாராவது ஆர்டர் சொன்னா, எதுன்னு கேட்டுக்கோ. இல்லேன்னா மாட்டிப்போம்."

கத்தி நின்றுவிட்டது. நுழைகிறது. அப்படியானால் அன்றைக்கு அவளுக்கு நாக்குதான் பிசகியது, அர்த்தம் பிசகவில்லை. நெஞ்சில் சாம்பல் பூத்துக் கிடந்த கங்கு அந்த நிமிடம்தான் பற்றிக்கொண்டது.

பழி தேடி அவள் எங்கும் அலையவில்லை. அது தொலைபேசியில் வந்தது. கொழுந்தன் மாடியில் விருந்துக்கூடம் கட்டியிருந்தான். பெரிய கம்பெனி ஒன்றின் விருந்து வந்த நேரம் பார்த்து அவன் சமையல்காரர் சண்டை போட்டுக் கிளம்பிவிட்டார். முதலாளியம்மா வெளியே போயிருந்ததால் அண்ணிதான் எடுத்தாள். பேசுவது யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் பேச்சை அவன் என்றைக்குக் காதில் வாங்கினான்?

"இருநூறு பேருக்கு ஆன்ட்ரே, கடைசில ஐஸ்கிரீம்."

கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"வேற ஒண்ணும் வேண்டாமா சார்?"

"ஆன்ட்ரேன்னா தெரியுமில்ல? சொன்னதை மட்டும் செய்ங்க."

"நல்லாத் தெரியும் சார்."

அவள் சின்னத் தட்டுக்கான விலையைச் சொன்னதும் அவன் உடனே சரியென்றான். மலிவாக இருந்தால் கேள்வி கேட்கிற வழக்கம் அவனுக்கு எப்போதும் கிடையாது.

காளான் அடைத்த குட்டிப் பேஸ்ட்ரி, பக்கத்தில் இரண்டு கீரை இலை. ஒவ்வொன்றையும் அண்ணி தன் கையாலேயே மடித்தாள். அதுவரை அவள் இவ்வளவு பொறுமையாகச் சமைத்ததில்லை. வேனில் கூடவே போய், விருந்துக்கூடத்தின் பின்கட்டில் நின்று தட்டுகளை அனுப்பினாள். வந்தவர்கள் இரண்டே வாயில் முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஐஸ்கிரீம் வந்தது. கம்பெனிப் பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டு கொழுந்தனைக் கூப்பிட்டார்.

"ருசி பிரமாதம். சாப்பாடு எப்போ?"

அவன் பின்கட்டுக்கு ஓடிவந்தான். "மெயின் டிஷ் எங்க?" என்று கத்தியவன் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"நீ கேட்டது ஆன்ட்ரே தம்பி. உள்ள நுழையற தட்டு. அதுக்கு மேல நீ எதுவும் கேக்கலையே."

"தெரிஞ்சேதானே பண்ணீங்க?"

"ஆமா."

"இருநூறு பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டீங்களே அண்ணி!"

"என்னைப் பார்த்து ரெண்டு மேசைதான் சிரிச்சுது. மிச்சமெல்லாம் வட்டின்னு வெச்சுக்கோ."

கம்பெனிக்காரர்கள் பசியோடு எழுந்து வேறு இடம் தேடிப் போனார்கள். அதன்பிறகு அந்தப் படியேறவே இல்லை. பட்டினி மாடி என்று அந்தக் கூடத்துக்குப் பெயர் விழுந்தது.

மறுநாள் முதலாளியம்மா பிடித்துக்கொண்டாள். "கேக்க மறந்தியா, வேணும்னே விட்டியா?"

"வேணும்னேதான்."

"உன் பகையைக் கொதிக்க வைக்க என் அடுப்புதான் கிடைச்சுதா? உன் கைப்பக்குவத்துக்காக வெச்சுக்கிறேன். இனிமே போன் இருக்கிற பக்கம் தலைவெச்சும் படுக்காதே."

அண்ணி தலையாட்டினாள். முதலாளியம்மா சொன்னதில் நியாயம் இருந்தது.

சில வாரம் கழித்து ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, வீடு தேடி வந்தாள். கொழுந்தன் கண்ணாடி பதித்த கூடத்தில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறானாம். "ஒரு வார்த்தை பேசி முடிச்சிடுங்கக்கா. இன்னுமா ஆறலை?"

"ஆறிடுச்சு," என்றாள் அண்ணி. "அன்னிக்கே ஆறிடுச்சு. மன்னிக்கத்தான் மனசு வரலை."

ஓரகத்தி குரலைத் தாழ்த்தி, "அந்தக் காளான் அவ்வளவு ருசியாமே, அதுல என்னக்கா போட்டீங்க?" என்று கேட்டாள். அண்ணி அவளை அடுப்படிக்கு அழைத்துப் போனாள்.